பர்க் வினைச்சொல் ஆனான், நாக்ஸ் ஆகவில்லை

போன மாதம் ஒரு பழைய ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி: அந்த விசாரணை ‘பர்க்’ செய்யப்பட்டது. கூட வேலை பார்க்கும் தம்பி அதை அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, ‘தடுக்கப்பட்டது’ என்று எழுதி வைத்திருந்தார். பிழை இல்லை. பர்க் என்பது ஆங்கிலத்தில் நிஜமாகவே உள்ள வினைச்சொல். இப்போது அதிகம் பேர் எழுதுவதில்லை, அவ்வளவுதான். ஒரு விஷயத்தை வெளியே வரவிடாமல் சத்தமில்லாமல் முடித்துவிடுவதற்கு அந்தச் சொல்.

நான் ‘விசாரணையை அமுக்கிவிட்டார்கள்’ என்று மாற்றினேன். மாற்றிய பிறகுதான் கவனித்தேன். நம் ‘அமுக்கு’ கையால் அழுத்துவதையும் சொல்கிறது, வழக்கை மூடி மறைப்பதையும் சொல்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே இரண்டு பொருள்தான். ஆனால் நம் சொல்லுக்குள் ஆள் யாரும் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் ஆள் இருக்கிறான். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வில்லியம் பர்க், வில்லியம் ஹேர். இருவரும் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பிழைக்க வந்தவர்கள். எடின்பரோவில் வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேர் ஒரு மலிவான தங்கும் விடுதி நடத்தினான். 1827 கடைசியில் அங்கே தங்கியிருந்த டொனால்ட் என்ற முன்னாள் சிப்பாய் நோயில் இறந்துபோனார். 4 பவுண்டு வாடகை பாக்கி. ஹேரும் பர்க்கும் சவப்பெட்டியில் மரப்பட்டைகளை நிரப்பி ஆணியடித்து அனுப்பிவிட்டு, உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்பில் கொண்டுபோய் விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங்.

அன்றைய சட்டப்படி, தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்கள் போன்ற சிலரின் உடல்களை மட்டுமே அறுத்துப் படிக்கலாம். நாக்ஸிடம் மட்டும் 400க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். அப்படிக் கிடைக்கிற உடல்கள் எந்த மூலைக்கு? புதைத்த உடலை இரவோடு இரவாகத் தோண்டி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அதற்குப் பயந்து கல்லறைகள்மேல் போட்ட இரும்புக் கூண்டுகளை எடின்பரோவின் கிரேஃபிரயர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம். தோண்டிய உடலைவிடப் புது உடலுக்கு விலை அதிகம்.

பர்க்கும் ஹேரும் தோண்டவே இல்லை. 1828இல் ஏறக்குறைய பத்து மாதங்களில் 16 பேரைக் கொன்றார்கள். விஸ்கி ஊற்றிக் கொடுத்து, ஆள் மயங்கியதும் ஒருவன் மார்மேல் ஏறிப் படுப்பான், மற்றவன் மூக்கையும் வாயையும் பொத்துவான். காயம் இருக்காது. கழுத்தில் தடம் இருக்காது. விலை 8 முதல் 10 பவுண்டு.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. செத்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் வில்சன் என்று ஒரு பையன். வயது 18தான் இருக்கும். புத்தி கொஞ்சம் மந்தம், கால் ஊனம். செருப்பில்லாமல் எடின்பரோ தெருக்களில் சுற்றுவான், ஊரே அவனை ஜேமி என்று அறியும். அவனிடம் ஒரு மூக்குப்பொடி டப்பாவும் ஒரு கரண்டியும் இருந்தன. அந்தக் கரண்டியில் ஏழு ஓட்டைகள். கிழமை எண்ணுவதற்காம். அவனைக் கொன்ற பிறகு டப்பாவை ஹேர் எடுத்துக்கொண்டான், கரண்டியைப் பர்க் வைத்துக்கொண்டான். உடலைப் பார்த்த மாணவர்களில் சிலர், இது ஜேமி ஆயிற்றே என்றார்கள். நாக்ஸ் இல்லவே இல்லை என்றார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அந்த உடல் அறுக்கப்பட்டது என்று அப்போதே பேச்சு.

கடைசியாகச் செத்தவர் டோச்சர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண்மணி. ஒரு கடையில் அவரிடம் பேச்சுக் கொடுத்த பர்க், என் அம்மாவும் டோச்சர்ட்டி குடும்பம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனான். ஊர்விட்டு ஊர் வந்த கிழவிக்குச் சொந்த ஊர்ப் பெயர் கேட்டால் மனசு இளகாதா? 1828 அக்டோபர் 31 இரவு அது. மறுநாள் அங்கே தங்கியிருந்த ஆன் கிரே வைக்கோலைத் தூக்கிப் பார்த்து உடலைக் கண்டார். வெளியே சொல்லாமல் இருந்தால் வாரம் 10 பவுண்டு வரும்படி கிடைக்கும் என்று பர்க்கோடு வாழ்ந்த பெண் கெஞ்சினாள். ஆனும் அவர் கணவர் ஜேம்ஸ் கிரேயும் ஏழைகள், ஒண்டிக்குடித்தனம். நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். நாக்ஸின் இடத்தில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அந்த அம்மாள் கிடந்தார்.

ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்தான். 1829 ஜனவரி 28 அன்று பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். கூடியிருந்த ஜனம், கயிறு வேண்டாம், அவனைப் ‘பர்க்’ செய்யுங்கள் என்று கத்தியதாகச் சில நாளில் லண்டன் பத்திரிகையில் வந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போதே அவன் பெயர் வினையாகிவிட்டது! அவன் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது.

சரி, நாக்ஸ்? அவர்மேல் வழக்கு இல்லை. சாட்சிக் கூண்டில்கூட ஏற்றவில்லை. ஜனங்கள் வீட்டு முன்னால் கொடும்பாவி கொளுத்தினார்கள். அப்புறம் ஒரு குழு கூடி, அவருக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கவனக்குறைவு என்று முடித்துவைத்தது. 1862இல் லண்டனில்தான் இறந்தார். வாசலுக்கு வந்த உடல்களெல்லாம் புத்தம் புதியவை. ஒன்றிலும் மண் ஒட்டியிருக்கவில்லை. மாணவர்கள் முகத்தை அடையாளம் சொல்கிறார்கள். கேட்கவே தோன்றவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். பணம் கொடுக்க அங்கே ஆள் இல்லாவிட்டால் பத்து மாதம் அந்தத் தொழில் நடந்திருக்குமா?

எடின்பரோ குழந்தைகளுக்கு இது தெரிந்திருந்தது. அவர்கள் பாடிய தெருப்பாட்டில் பர்க் கசாப்புக்காரன், ஹேர் திருடன், கறி வாங்குகிற பையன் நாக்ஸ். மூன்று பேரும் இருக்கிறார்கள். அகராதியில் ஒருவன்தான்.

1832இல் பிரிட்டனில் உடற்கூறுச் சட்டம் வந்தது. ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இறந்து, கேட்க ஆள் இல்லாதவர்களின் உடலை வகுப்புகளுக்குக் கொடுக்கலாம் என்றது. திருட்டு நின்றது, உண்மைதான். ஆனால் கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது அன்றிலிருந்து ஏழைக்கு விதியாயிற்று. வாங்குகிறவர்களின் தேவைக்குத்தான் சட்டம் வழி செய்தது. அதை எனக்கு இன்னும் செரிக்க முடியவில்லை.

என் தம்பி மகள் மருத்துவம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். இந்தச் சொல் தெரியுமா என்று கேட்டேன். “பர்க்கிங்கா? தடயவியல்ல மூச்சுத்திணறல் பாடத்துல வருமே, பெரியப்பா. அஞ்சு மார்க் கேள்வி” என்றாள். மார்மேல் உட்காருவது, வாய் பொத்துவது எல்லாம் மனப்பாடம். செத்தவர்களில் ஒருவர் பெயராவது சொல்லு என்றேன். யோசித்தாள். “புக்ல இல்லையே” என்றாள். அப்புறம் அவளே சொன்னாள், முதல் வருடம் உடற்கூறு அறையில் மேசைமேல் இருந்த உடலுக்கும் பெயர் கிடையாதாம், எண்தானாம்.

ஜேமியின் கரண்டியைப் பற்றிச் சொன்னேன். பென்சிலை எடுத்து, பாடப்புத்தகத்தில் பர்க்கிங் என்ற சொல்லுக்குப் பக்கத்து ஓரத்தில் ஜேம்ஸ் வில்சன் என்று எழுதினாள். கீழே டோச்சர்ட்டி. இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நாக்ஸ் பெயரையும் எழுதிக்கொள்ளம்மா என்றேன்.