கிரேட் ஓர்ம் பாறையில் சிவப்புப் பழம் தெரிந்தால் எல்லாம் அபூர்வச் செடியா?

வேல்ஸின் லான்டட்னோ அருகேயுள்ள கிரேட் ஓர்ம் சுண்ணாம்புப் பாறையில் சிவப்புப் பழம் தாங்கிய ஒரு புதரின் படம் சுற்றுகிறது. "உலகில் இங்கே மட்டுமே இயற்கையாக வளரும் கொட்டோனியாஸ்டர், விதை எடுத்துப் பரப்புங்கள்" என்கிறது குறிப்பு. முதல் பாதி ஒரு உண்மைச் செடியைப் பற்றியது. படத்தில் இருப்பது அது அல்ல.

கொட்டோனியாஸ்டர் என்பது பல வகைகள் கொண்ட புதர்ச்செடி இனம். அந்த அபூர்வச் செடி அதில் ஒன்றான கொட்டோனியாஸ்டர் காம்பிரிகஸ். 1783இல் கண்டறியப்பட்டது, ஒரு கட்டத்தில் ஆறே செடிகள் மிஞ்சின. படத்தில் உள்ளது சீனாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த இன்னொரு வகையான கொட்டோனியாஸ்டர் ஹொரிசான்டாலிஸ். அதன் கிளைகள் மீன் முள்போல இருபுறமும் ஒழுங்காக விரியும், இலை ஒரு சென்டிமீட்டர் அளவுதான், பளபளக்கும். காம்பிரிகஸ் இலை அதைவிடப் பெரியது, மங்கலானது. சரி, ஒரே அடையாளம் கேட்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்பேன்: காம்பிரிகஸில் அடிப்பக்கம் சாம்பல் நிற மென்மயிர் அடர்ந்திருக்கும். பழத்தின் நிறத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் சிவப்புதான்.

அப்புறம், பரப்புங்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பறவைகள் விதையைத் தூவ, ஹொரிசான்டாலிஸ் சுண்ணாம்புப் பாறைகளில் படர்ந்து அங்குள்ள சிறு தாவரங்களை மூடிவிடுகிறது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் (இயற்கைவெளியில் பரப்பக் கூடாதவற்றின் பட்டியல்) 2010இல் இதுவும் இன்னும் நான்கு கொட்டோனியாஸ்டர்களும் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவற்றை இயற்கைவெளியில் நடுவது குற்றம். வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கத் தடையில்லை. காம்பிரிகஸ் என்று தோன்றினாலும் பறிக்க வேண்டாம், படம் எடுத்தால் போதும்.