ஓரத்தில் வரும் வளையல் கை

போனைத் திறந்தால் போதும், பிள்ளை வளர்ப்பு வீடியோ போடும் யாராவது ஒரு அம்மா "ரொம்ப சிம்பிள், மம்மாஸ்!" என்று ஆரம்பித்துவிடுகிறார். சிம்பிளாம்! பின்னால் தெரியும் குழந்தை அறையே எங்கள் ஹாலைவிடப் பெரிது. பிள்ளை ஒரு வாய் துப்பியதும், ஓரத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கைக்கு முகம் கிடையாது. கீழே கேப்ஷன்: "எல்லாம் நானே பார்த்துக்கறேன்."

அப்புறம் அந்த ராகிக் கூழ். ஒரு காலத்தில் இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு. இப்போது முளைகட்டிப் பொடித்து, டப்பாவில் அடைத்து, தள்ளுபடி கூப்பனோடு வருகிறது. காசு வாங்கிப் பேசினால் விளம்பரம் என்று பளிச்சென்று போடச் சொல்லி இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே விதி வகுத்தாயிற்று. இவர்கள் அதைப் பத்துப் பதினைந்து ஹேஷ்டேக்குக்கு நடுவில் சொருகிவிடுகிறார்கள். 2 வயது வரைக்குமான டப்பா உணவுக்கு விளம்பரமே கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?

கறுப்பான அம்மா, ஒற்றை அறை வீட்டு அம்மா, தூளி கட்டி ஆட்டும் அம்மா யாரையும் இந்தக் கம்பெனிகள் தேடி வருவதில்லை. வந்தாலும் அன்னையர் தினத்தன்று ஒரு நாள். தினமும் போனில் வருகிற அம்மாவோ, "பிள்ளையோடு இருக்க வேலையை விட்டேன், நீங்களும் விடலாம்" என்கிறார். விடலாம்தான். வாடகையை அவரா கட்டப்போகிறார்?