பழைய ரயில் தடம்தான் இன்றைய மெட்ரோ

மொரிசியஸின் முதல் ரயில் இன்றைய மெட்ரோ டிராம்தான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது தவறு. 1865-லேயே தலைநகர் போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வழியாக மாஹேபூர்க் வரை நீராவி ரயில் ஓடியது. பயணிகள் ரயில் 1956-லும் சரக்கு ரயில் 1964-லும் நின்றன. இன்றைய டிராம் பெரும்பாலும் அந்தத் தடத்தையே பிடித்துப் போகிறது. ரோஸ் ஹில் வரை முதல் 13 கிலோமீட்டர் 2019-லும், கத்ர் போர்ன், பீனிக்ஸ், வக்வா தாண்டி கியூர்பிப் வரை 2022 அக்டோபரிலும் திறந்தார்கள்.

கியூர்பிப் போய்ச் சேர கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் ஏற வேண்டும், அதுதான் கடினம். கியூர்பிப் தூறலில் தண்டவாளம் நனைந்தால் இரும்புச் சக்கரம் வழுக்கும். அப்போது பிடிப்புக்காகச் சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியே உலர்ந்த மணல் கொட்டும். மணல் ஈரமானால் கட்டியாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். காவடிக்குப் போகிறவர்கள் கவனிக்க: கத்ர் போர்னில் இறங்கலாம், ஆனால் அங்குள்ள மலைக்கோயில் வரை டிராம் போகாது.