நார்வேயில் வேனை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தங்கலாமா?

"நார்வே, ஸ்வீடனில் வேனை எந்தக் காட்டுக்குள்ளும் ஓட்டிப்போய் இரவு தங்கலாம், அது சட்டப்படி உரிமை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அந்த உரிமை நடந்து போகிறவருக்குத்தான், வண்டிக்கு இல்லை. நார்வேயின் 1957 சட்டப்படி, பயிர் செய்யாத நிலத்தில், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிக் கூடாரம் போடலாம். சாலையை விட்டு வண்டியை இறக்குவதற்கோ அங்கே 1977-லிருந்தும் ஸ்வீடனில் 1975-லிருந்தும் தனிச் சட்டமே தடை போடுகிறது. நியாயமான தடை: ஈரப் பாசி நிலத்தில் சக்கரத் தடம் பதிந்தால் ஆறப் பல வருடம் பிடிக்கும். ஸ்காட்லாந்தின் 2003 சட்டம் தரும் உரிமையிலும் மோட்டார் வண்டி சேராது.

சரி, வேனில் எங்கே தூங்குவது? ஸ்வீடனின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பொதுவாக 24 மணி நேரம் நிறுத்தலாம். அங்குள்ள பலகையை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.