பொய் சொல்லாமலே ஏமாற்றும் விளம்பரங்களும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுப் பணியிடமும்

மக்களைத் தவறாக வழிநடத்தும் உடல்நலக் கூற்றுகளைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது, எங்கே தோற்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தனிப் பணியிடம் ஒதுக்கினால், அதை நான் மனமார வரவேற்பேன். "பொய் விளம்பரம் செய்பவனைப் பிடித்துத் தண்டித்தால் போதாதா, இதற்கெல்லாம் ஓர் ஆய்வாளர் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் பிடிப்பதும் தண்டிப்பதும் எவ்வளவு கடினமாக இருந்து வந்துள்ளன என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 1906 இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கூறி விற்கப்பட்ட ஒரு மருந்தின் மீது அச்சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கில், 1911 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விற்பனையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய பொய்யைத்தான் சட்டம் தடுக்கிறது, அது நோயைத் தீர்க்கும் என்ற பொய்யைத் தடுக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் ஏமாற்றும் நோக்கத்துடன் சொல்லப்பட்ட பொய் மட்டுமே குற்றம் என்று எழுதிவிட்டதால், விற்றவர் தம் மருந்தை உண்மையிலேயே நம்பினார் என்று வாதிட்டுத் தப்ப வழி கிடைத்தது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய அந்தச் சுமை நீங்குவதற்கு 1938 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு குறையை முழுமையாகச் சரிசெய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த இடைக்காலத்தில் நோயாளிகள் இழந்த காலத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்றைய சிக்கல் அதைவிட நுட்பமானது, ஏனெனில் இன்று எச்சரிக்கையாக எழுதப்படும் விளம்பரத்தில் நேரடியான பொய் பெரும்பாலும் இருப்பதில்லை. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதினால் சட்டம் பாயும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். ஆகவே 'இரத்தச் சர்க்கரையைச் சீராக வைத்திருக்கத் துணைபுரிகிறது' என்று எழுதுகிறார். அமெரிக்காவின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் ஊட்டச்சத்துத் துணைப்பொருட்களுக்கு இத்தகைய வாசகங்களை முன்அனுமதி இல்லாமலே பயன்படுத்த இடம் தருகிறது. பொருள் சந்தைக்கு வந்த 30 நாட்களுக்குள் அரசு அமைப்புக்குத் தெரிவித்தால் போதும். இந்தக் கூற்றை அரசு மதிப்பிடவில்லை, இப்பொருள் எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்ற பொறுப்புத்துறப்பு மட்டும் கூடவே இருக்க வேண்டும். அந்த வாசகத்தை வாசிப்பவர்கள் எத்தனை பேர், வாசித்த பின்பும் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் முக்கியமான கேள்வி. சட்டம் வாசகத்தை அளக்கிறது. நோயாளியோ அந்த வாசகத்திலிருந்து தான் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறார். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதற்குச் சட்டம், மருத்துவம், உளவியல், மொழி ஆகிய நான்கையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய ஒருவர் முழுநேரமாக உழைக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தது. 2006 ஆம் ஆண்டு விதியின்படி, முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதிக்கப்பட்ட கூற்றை மட்டுமே உணவுப் பொருளின் மீது எழுத முடியும். உறுப்பு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 44,000 கூற்றுகள் வந்து குவிந்தன. ஒன்றுபோல் இருந்தவற்றைத் தொகுத்த பிறகு சுமார் 4,600 எஞ்சின. 2012 இல் வெளியான அனுமதிப் பட்டியலில் இடம்பெற்றவை 222 மட்டுமே. ஆதாரம் கேட்கத் தொடங்கியதும் எவ்வளவு உதிர்ந்து போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூலிகைப் பொருட்கள் தொடர்பான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூற்றுகள் அப்போது முடிவெடுக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டன. பல நூற்றாண்டுப் பயன்பாட்டை ஆதாரமாக ஏற்கலாமா என்ற கேள்விக்கு விடை காண முடியாததே அதற்குக் காரணம். கடுமையான விதியும் தனக்குக் கடினமான இடத்தில் பல ஆண்டுகள் நின்றுவிடுகிறது. இவ்விரண்டு வழிகளில் எது மக்களை உண்மையில் காத்தது என்பதை ஒப்பிட்டுச் சொல்வது எந்த ஒழுங்குமுறை அமைப்பின் அன்றாட வேலையிலும் அடங்காது. அவர்கள் மேசையில் அடுத்த புகார் காத்திருக்கும்.

சட்டத்தின் வாசகம் அகலமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, இந்தியாவின் 1954 ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தை வாசிக்கச் சொல்வேன். வாய்மொழியாகவோ, ஒளி, ஒலி, புகை வழியாகவோ செய்யப்படும் அறிவிப்பும் விளம்பரமே என்று அது வரையறுக்கிறது. இன்றைய காணொளியையும் அந்த வரையறைக்குள் கொண்டுவர முடியும். ஆனால் 'எனக்குக் குணமாயிற்று' என்று கண்கலங்கிப் பேசுபவர் நோயாளியா, பணம் பெற்றவரா, இரண்டுமா என்பதை வரையறையால் கண்டுபிடிக்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பணி அமைவது பற்றி எனக்கு ஒரு வலுவான நிபந்தனை உண்டு. ஆய்வாளர் வெளியே உள்ள வணிகர்களை மட்டும் ஆராயக்கூடாது, தம் சொந்த வீட்டையும் ஆராய வேண்டும். 2014 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்நாட்டின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இருபது வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, அவை எந்த ஆய்வுக்கட்டுரைகளைப் பற்றியனவோ அவற்றோடு ஒப்பிட்டது. 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் வாசகருக்கான அறிவுரை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. 33 விழுக்காட்டில், வெறும் தொடர்பாகக் கண்டறியப்பட்டது காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. விலங்குகளிடம் செய்த சோதனையின் முடிவை மனிதருக்கு நீட்டிய மிகை 36 விழுக்காட்டில் இருந்தது. குறிப்பில் மிகை இருந்தபோது செய்திகளிலும் மிகை பெருகியது. குறிப்பு அடக்கமாக இருந்தபோது செய்தியும் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அட்டையில் அச்சிடும் நிறுவனத்துக்கு அந்தச் சொற்களை எடுத்துக் கொடுக்கும் இடங்களில் பல்கலைக்கழகமும் ஒன்றாக இருக்கிறது. செய்திக்குறிப்பு எந்த விளம்பரச் சட்டத்துக்கும் எளிதில் உட்படுவதில்லை என்பதால், அங்கே தொடங்கும் மிகையை ஒழுங்குபடுத்துவோர் எவருமில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. உடல் பருமனை ஆராயும் ஒரு கல்வியாளர் குழுவுக்குக் கொக்கோ-கோலா நிதி அளித்தது 2015 இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, கொலராடோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. உடல்நலக் கூற்றுகளை விற்று வாழும் எந்தத் துறையின் பணமும் இந்தப் பணியிடத்துக்கு வரக்கூடாது. மறைமுகமாகவும் வரக்கூடாது.

மற்றொன்று, பணிக்காலம். இத்தகைய ஆய்வுப் பணிகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தமாகவே பெரும்பாலும் அறிவிக்கப்படுகின்றன. மாதுளைச் சாறு இதய நோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் நல்லது என்று விளம்பரம் செய்த பாம் ஒண்டர்ஃபுல் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2010 இல் நடவடிக்கை தொடங்கியது. 2013 இல் ஆணையம் முடிவெடுத்தது. அத்தகைய நோய்க்கூற்றுகளுக்கு பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் மருத்துவப் பரிசோதனைகள் இரண்டு வேண்டும் என்று ஆணையம் கேட்டதை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 இல் ஒரே பரிசோதனையாகக் குறைத்து, மற்றவற்றைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. 2016 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்த பிறகே அது முடிவுக்கு வந்தது. ஒன்றா இரண்டா என்ற அந்த ஒரு கேள்வியே ஓர் ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்புக்கு உரியது. வழக்கு முடிந்த பின் அந்தத் துறையின் மற்ற விளம்பரங்கள் மாறினவா, வாசகங்களை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய பொருளையே சொல்லத் தொடங்கினவா என்பதை அறிய இன்னும் சில ஆண்டுகள் தேவைப்படும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வரும் இளம் ஆய்வாளர் ஒரு வழக்கின் நடுப்பகுதியை மட்டுமே பார்த்துவிட்டு அடுத்த வேலை தேடிப் போய்விடுவார். ஆகவே இதை நிரந்தரப் பணியிடமாக அறிவிக்க வேண்டும், குறைந்தபட்சம் ஏழு அல்லது எட்டு ஆண்டுகளுக்கான நிதியையாவது முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள்.