மாறுவது பில் மட்டும்தானே!

மின்சாரக் கம்பெனியை மாற்றினால் வீட்டுக்கு வரும் கம்பி மாறாது, மீட்டரும் மாறாது. பில் அனுப்பும் ஆள்தான் மாறுகிறார். அதற்கு ஏன் இத்தனை இழுபறி?

மாறிய அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோவோடு பழைய கம்பெனி, புதிய கம்பெனி இரண்டுக்கும் அனுப்பினேன். பழைய கம்பெனி அதைக் கண்டுகொள்ளாமல், உத்தேசமாக ஒரு ரீடிங்கைக் கூட்டிப் போட்டுக் கடைசி பில்லை அனுப்பிவிட்டது. புதிய கம்பெனியோ சரியான ரீடிங்கிலிருந்து தொடங்குகிறது. ஆக, இடைப்பட்ட யூனிட்டுகளுக்கு நான் இரண்டு பக்கமும் காசு கட்ட வேண்டுமாம்! கேட்டால் இவர் அவரைக் கை காட்டுகிறார், அவர் இவரை.

மாதாமாதம் முன்கூட்டியே கட்டியதில் மிஞ்சிய பணம் வேறு இன்னும் பழைய கம்பெனியிடமே கிடக்கிறது. நான் தாமதித்தால் மட்டும் உடனே அபராதம் போடத் தெரிகிறதே? பில்லைத் திருத்தி, என் பணம் வரும்வரை விடப்போவதில்லை.