நம்மை ஏசும் சொல் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை

போன ஞாயிறு பினாங்கு ஜார்ஜ்டவுன் கூட்டத்தில் காட்டிய ஏச்சுச் சொற்களின் பட்டியலை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஏழு மொழி, அதில் தமிழுக்கும் ஒரு பத்தி. இனி இணையத்தில் தமிழில் ஏசினால் கணினி பிடித்துவிடும் என்றார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். நான் அந்தத் தமிழ்ப் பத்தியை வரிவரியாகப் படித்தேன். நாய், பன்றி, எருமை, கழுதை. ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்தது. மிச்சம், சென்னைப் பட முன்னோட்டங்களுக்குக் கீழே ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் வசவு.

நான் சொல்வது ஒன்றுதான். இங்கே ஏச்சு வாங்கியவர்களைக் கேட்காமல் இங்குள்ளவர்களுக்குப் பட்டியல் போடாதீர்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். துல்லியோ டி மௌரோ என்ற இத்தாலிய மொழியியலாளர் தொகுத்த புண்படுத்தும் சொற்களை வைத்து, 2018இல் ஹர்ட்லெக்ஸ் என்ற பட்டியலை ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தார்கள். அதில் விலங்குகள் ஒரு வகை, செடிகொடிகள்கூட ஒரு வகை. இத்தாலிக்காரனைச் சுடுகிற சொல்தான் பட்டர்வொர்த் பிள்ளையையும் சுடும் என்று யார் சொன்னது?

என் அக்கா மகள் சமையல் காணொளி போடுகிறாள். அதன் கீழே வருவதைக் கேளுங்கள். ‘எஸ்டேட் மூஞ்சி’, ‘கரிச்சட்டி’, ‘பாலிக் இந்தியா’ (இந்தியாவுக்கே திரும்பிப் போ என்று மலாயில்). பாதி ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். இதில் எதைப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? எஸ்டேட் கெட்ட வார்த்தையா? சட்டி கெட்ட வார்த்தையா? தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் இருக்கிறவளைப் பார்த்து ‘பாலிக் இந்தியா’ என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? புகார் கொடுத்தாள். விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது.

ஆனால் அவள் வீட்டுக்காரர் கடை முகவரியைப் போட்டபோது பதிவே காணாமல் போனது. கடை இருப்பது ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்ற தெருவில். இந்தியர்களை இழித்துச் சொல்லும் அந்தக் ‘கெலிங்’ நம் எல்லாருக்கும் சுருக்கென்று தைக்கும், எனக்கும்தான். அந்தச் சொல்லால் என்னை வகுப்பில் கூப்பிட்ட ஆசிரியரின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரும் அவர் ஏசியதும் ஒன்றாகிவிடுமா? மியான்மாரில் இதைப் பார்த்தாயிற்று. நம்மைப் போன்றவர்களை இழித்துச் சொல்லும் ‘கலார்’ என்ற சொல்லை 2017இல் ஃபேஸ்புக் தடுத்தது. அதே சொல் பருப்பின் பெயருக்குள்ளும் இருப்பதால் பருப்பைப் பற்றிப் பேசிய பதிவுகளும் சேர்ந்து போயின.

“அப்போ பட்டியலே வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2022இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா வெளியிட்ட இருநூறு மொழிக் கெட்ட வார்த்தைப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, நல்லதுதான். அதை வைத்துத் தொடங்குங்கள். அதோடு முடிந்துவிட்டது என்று மேடையில் சொல்லாதீர்கள்.

“சம்பளம் இல்லாமல் செய்கிறோம், குறை சொல்கிறீர்களே” என்றார் இன்னொருவர். சரி, சம்பளம் இல்லை. ஏச்சு வாங்குகிறவளுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

2024 ஜூலையை மறந்துவிட்டோமா? கோலாலம்பூரில் நம் பெண் ஒருத்தி, டிக்டாக்கில் வந்த ஏச்சு தாங்காமல் உயிரை விட்டாள். தமிழில் வந்த ஏச்சு. ஏசியவர்களில் ஒருத்திக்கு நூறு ரிங்கிட் அபராதம். நூறு ரிங்கிட்! அதற்கு அப்புறம்தான், 2025இல், தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்று, அதாவது பிறரை ஏசி மிரட்டித் துன்புறுத்துவதற்கென்று, தனிப் பிரிவுகள் வந்தன. சட்டம் வந்தாயிற்று. ஆனால் அந்தத் தமிழைப் படித்து, இது ஏச்சு என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டாமா? நாய், எருமை என்று தேடும் இயந்திரம் அவளைக் காப்பாற்றியிருக்குமா? யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என் அக்கா மகளைக் கூப்பிடுங்கள். அவளுக்கு வந்த ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். அழைத்து வருவது என் பொறுப்பு.